மூன்றாவது சொல்

— அண்டைக்கு வந்த செய்தியைத் திரும்ப இருபது தரம் ஓட்டிப் பாத்திட்டன், றொபின்சன் அண்ணை. இருபது தரமும் திரையில நெடுந்தீவு எண்டுதான் வருது.

— அண்டைக்கு நயினாதீவு எண்டுதான் வந்தது, கஜாலினி. மாதா சத்தியமா! அம்புலன்ஸ் படகை நயினாதீவுக்கு விட்டன். அங்கை நெடுந்தீவுத் துறையில சின்னக்குட்டியர் மூச்சுக்குத் தவிச்சுத் தவிச்சுச் செத்துப் போனார்.

— பத்து மணிக்கு விசாரணை. இன்னும் அரை மணித்தியாலம்தான் கிடக்கு.

— அதுக்குள்ள என்னைக் குடிகாரனாக்கி வேலையால கலைச்சிடுவாங்கள். படகில பூட்டின செய்திப் பெட்டி பிழை விடாதாம், படகோட்டிதான் விடுவானாம்! பெட்டிக்குச் சாட்சி தேவையில்லை, மனிசனுக்கு மட்டும் தேவை. இந்த நியாயத்தை ஆர் எழுதினது, பிள்ளை?

— பெட்டிக்குள்ள செய்தி வாசிக்கிற நிரலை நான் கையால எழுதேல்லை, அண்ணை. விதியைச் சொன்னா நிரலை எழுதித் தாற கருவி ஒண்டு செய்தனான், அது எழுதினது. ஒரு செய்தியில நோயாளி, வருத்தம், படகு போகவேண்டிய துறை. மூண்டே மூண்டு சொல். இதில எங்கை பிழைக்கிறது?

— அந்தச் செய்திக்கு முதல் என்ன வந்தது?

— நயினாதீவில ஒரு காய்ச்சல்காரி.

— அப்ப அதையும் முன்னால விட்டு ஓட்டும். நான் ரெண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாத்தானே பாத்தனான்.

— ஓட்டுறன்... ஐயோ! நயினாதீவு! அண்ணை, நயினாதீவு எண்டு வருது!

— கண்டீரோ! நான் பொய்யனில்லை!

— பொறுங்கோ. எல்லை தாண்டினா நிப்பாட்டுற சோதனையைப் போடுறன்... நிண்டிட்டுது. இந்தச் செய்தியில ரெண்டு சொல்தான் இருக்கு, அண்ணை. துறையின்ர பேர் இல்லை. மூண்டாவதைத் தேடின நிரல் செய்தியின்ர முடிவைத் தாண்டிப் போய், நினைவகத்தில கிடந்த பழைய செய்தியின்ர துறையை எடுத்திருக்கு. தனிய ஓட்டேக்க அந்த இடம் வெறுமை. வெறுமையா இருந்தா அனுப்பின ஊரைக் காட்டும், அதாலதான் நெடுந்தீவு எண்டு வந்தது.

— துறை எழுதேல்லையோ?

— இல்லை. ஏன் விட்டவை?

— எங்கட தீவில வருத்தக்காரரை ஏத்திறது ஒரேயொரு துறையிலதானே. அதை ஆர் மினக்கெட்டு எழுதுவினம்?

— அப்ப பிழை உங்களிலயுமில்லை, அனுப்பினவையிலயுமில்லை. முடிவைப் பாராமல் ஓடுற நிரலைப் பெத்தது என்ர கருவி. அப்பிடியே எழுத்தில குடுக்கிறன். எழும்புங்கோ!... ஏன் அண்ணை, திரும்பவும் இருந்திட்டியள்?

— உம்மட கருவி அவங்களுக்கு விளங்காது, பிள்ளை. துறையை எழுதாமல் விட்ட விரலைத்தான் தேடுவாங்கள்.

— தேடட்டும். அது ஆரெண்டு எனக்கே தெரியாது.

— எனக்குத் தெரியும். அண்டைக்குத் தீவில இருந்து அந்தச் செய்தியைப் போனில எழுதி அனுப்பினது என்ர மகள் யூலியட். ஒண்டும் எழுதாதையும், பிள்ளை. படகை மாறி விட்டது நான்தான் எண்டே இருக்கட்டும்.