உரிமம் இல்லாத கை

பேகம்பூர் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் தெரியும், மேடம். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்றால் சொல்லவே வேண்டாம். தொழுகைக்கு வந்தவர்களின் வண்டிகள் தெருவின் இரண்டு பக்கமும் நிற்கும். ஆனால் அன்றைக்கு நான் போனபோது ஒரு ஆட்டோ அப்போதுதான் கிளம்பியது. அது நின்ற இடத்தில் காரை விட்டேன். நல்ல வேப்பமர நிழல். ஃபர்ஹீன் வீட்டுச் சந்து நேர் எதிரே இருந்தது. ஆகவே, இடம் தேடியதில் தாமதமாகிவிட்டது என்று உங்கள் விசாரணையில் நான் முதலில் சொன்னது சரியில்லை. அதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் பிரிஸ்கில்லா. சொந்த ஊர் அகரம். பிரசவ அறை நர்ஸாக இருந்தே தலை நரைத்தவள். அந்த வேலையை விட்டபிறகு மருத்துவச்சிக்கான மேற்பயிற்சியை முடித்து, திண்டுக்கல்லில் வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்க்கத் தொடங்கினேன். ஏனோதானோ என்று போகிறவள் இல்லை நான். நர்ஸிங் கவுன்சிலில் என் பதிவு இருக்கிறது. காரில் ஆக்ஸிஜன் இருக்கும், ஐஸ் பெட்டியில் ஊசி மருந்து இருக்கும். ரத்தம் குறைவாக இருப்பவளையோ, முன்பு ஆபரேஷன் ஆனவளையோ ஏற்றுக்கொள்ள மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவேன். வீட்டில் பிள்ளை பெறுவது தப்பில்லை. தகுதி இல்லாதவர்கள் பார்ப்பதுதான் தப்பு. படித்துத் தேறியவளுக்கு உரிமம் கொடுங்கள், மற்றவர்களை நிறுத்துங்கள் என்று எல்லா அலுவலகத்திலும் ஏறி இறங்கிக் கேட்டேன். இன்றைக்கும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன்.

சபிஹாவை நான்தான் ஆளாக்கினேன். அவள் அத்தா வேலை பார்த்த தோல் ஆலை மூடியபோது நர்ஸிங் படிப்பைப் பாதியில் விட்டவள். எனக்கு உதவிக்கு வைத்துக்கொண்டேன். வலி வந்தவளின் இடுப்பை எங்கே நீவிவிட வேண்டும், பிள்ளையின் தலை தெரியும்போது கையை எப்படிக் கொடுக்க வேண்டும், பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காவிட்டால் வயிற்றின் மேலாகக் கர்ப்பப்பையைத் தேடிப் பிடித்து அது கல்லுப்போல இறுகும்வரை எப்படித் தேய்க்க வேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை காட்டினால் போதும், பிடித்துக்கொள்வாள்.

படிப்பை முடித்துப் பதிவு வாங்கச் சொன்னேன். "முடிச்சிருவேன்க்கா" என்பாள். முடிக்கவில்லை. பிறகு தனியாகப் போக ஆரம்பித்துவிட்டாள். நான் மறுத்த பெண்கள் அவளிடம் போனார்கள். நான் மறுக்காதவர்களும் போனார்கள். சபிஹா பக்கத்தில் இருந்தால் பயமே தெரியவில்லை என்று பேகம்பூர் முழுக்கப் பேச்சு. ஒருத்தி தன் மகளுக்குச் சபிஹா என்றே பெயர் வைத்தாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, ரத்தம் நிக்கிறதுக்குப் போடுற ஊசி கொஞ்சம் குடுங்கக்கா. அவசரத்துக்குத்தான். மெடிக்கல்ல கேட்டா எனக்குத் தரமாட்டேங்கிறாங்க."

"தரமாட்டாங்க. தரவும் கூடாது" என்றேன். "உரிமம் இல்லாத கையில ஊசி இருக்கக்கூடாது சபிஹா."

அவள் கோபப்படவில்லை. "அப்ப ஏதாச்சும் ஒண்ணுன்னா உங்களைக் கூப்பிடலாமாக்கா?" என்று கேட்டாள்.

"கூப்பிடு, வாரேன்" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

இதற்கிடையில் உரிமம் விஷயமாக ஓர் அதிகாரியைப் பார்த்தேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நியாயம்தான் சிஸ்டர். ஆனா மேலிடத்துக்கு எழுதணும்னா ஒரு சம்பவத்தைக் காட்டணுமே. அந்தப் பொண்ணு பாத்ததுல இதுவரைக்கும் யாரும் சாகலையே" என்றார். அவர் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. நடைமுறையைச் சொன்னார். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன்.

ஃபர்ஹீன் என்னிடம்தான் முதலில் வந்தாள். அவள் கணவன் ஆசாத்துக்குப் பேகம்பூரில் பிரியாணிக் கடை. மாமியார் ஜெய்தூன் பீவி கூட வந்திருந்தார். இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை வெளியூரில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்ததாம்.

"வலியில கத்துனப்ப வாயை மூடுன்னாங்க சிஸ்டர். என் மூஞ்சியை ஒருத்தருகூட நிமிந்து பாக்கல. மறுபடி அங்கெல்லாம் போகமாட்டேன்" என்றாள்.

அவள் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. பரிசோதித்ததில் ரத்தம் குறைவு என்று தெரிந்தது. முடியாது என்றேன். எந்த டாக்டரைக் கேட்டாலும் நான் செய்தது சரி என்பார். அவள் சபிஹாவிடம் போய்விட்டாள். சபிஹா கீரையும் பேரீச்சம்பழமும் மாத்திரையும் கொடுத்து, வாராவாரம் போய்ப் பார்த்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் பேசிப் பார்த்திருக்கிறாள், ஃபர்ஹீன் கேட்கவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஜெய்தூன் பீவி எனக்குப் போன் செய்தார்.

"சிஸ்டரம்மா, மருமகளுக்கு வலி எடுத்திருச்சு. சபிஹா இருக்கா. இருந்தாலும் நீங்க செத்த நேரம் வந்து உக்காந்திருந்தா எங்களுக்குத் தெம்பா இருக்கும்."

"நான் ஏத்துக்காத பிரசவத்துக்கு வர்றது முறையில்லைம்மா" என்று வைத்துவிட்டேன். ஆனால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஐஸ் பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். காப்பாற்ற வேண்டும் என்றுதான் கிளம்பினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

காரை நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆனதும் சபிஹா போனில் கூப்பிட்டாள். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது என்றாள். "ஆனா ரத்தம் நிக்கலக்கா. துணி மாத்த மாத்த நனையுது. நூத்தியெட்டுக்குப் போன் போடப்போறேன்."

"போடாத" என்றேன். "அந்தச் சந்துக்குள்ள ஆம்புலன்ஸ் திரும்பாது. நான் கிட்டத்துலதான் இருக்கேன், ஊசி வச்சிருக்கேன். ஆளைத் தூக்கி அலைக்கழிக்காத. நான் வந்துருவேன்."

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. சந்து குறுகல்தான். நான் கிட்டத்தில்தான் இருந்தேன். ஊசி மருந்து என் பக்கத்து இருக்கையில் இருந்தது.

கதவைத் திறக்கக் கையை வைத்தேன். அப்போதுதான் அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது. இப்போது நான் உள்ளே போனால் ஃபர்ஹீன் பிழைத்துக்கொள்வாள். சபிஹா கைராசிக்காரி என்று பேர் வரும். அடுத்த மாதம் அவளிடம் இன்னும் நாலு பேர் போவார்கள், அதில் ஒருத்திக்கு ஏதாவது ஆகும், அப்போது நான் கிட்டத்தில் இருக்க மாட்டேன். இந்த ஒருத்தியைக் காப்பாற்றுவதால் எத்தனை பேர் ஆபத்தில் மாட்டுவார்கள் என்று யோசித்தேன். பிரசவ அறையில் பழகியவர்களுக்கு இப்படி யோசிக்க வரும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு முடியாமல் போனால் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுத்துத்தான் ஆகவேண்டும். நான் கையை எடுத்துக்கொண்டேன். ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஆசாத் சந்து முனைக்கு ஓடிவந்தான். கைலியின் ஓரம் நனைந்திருந்தது. என் காரை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை, கண்ணாடியும் கறுப்பு. என் பம்பரில் கையை ஊன்றிக்கொண்டு மெயின்ரோட்டையே பார்த்து நின்றான். ஒவ்வொரு வண்டி திரும்பும்போதும் ஓரடி முன்னால் போவான், பிறகு வந்து என் கார்மேல் சாய்வான். தொழுகை முடிந்து வந்த ஒருவர் ஏதோ கேட்டார். "சிஸ்டர் வந்துக்கிட்டு இருக்காங்க பாய். ஊசி கொண்டுவாராங்க" என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டது. அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

சபிஹா மறுபடி கூப்பிட்டாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே வயிற்றின் மேல் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மூச்சு வாங்கினாள், ஆனால் குரலில் தெளிவு இருந்தது. "அக்கா, குறையுது. கல்லு மாதிரி ஆவுதுக்கா. கையை எடுத்தாத்தான் மறுபடி வருது. பிடிச்சுக்கிட்டே இருக்கேன், நீங்க வர்றவரைக்கும் தாங்கிரும்."

நன்றாகச் செய்திருந்தாள். நானே செய்திருந்தாலும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது. அப்படியே விட்டிருந்தால் ஃபர்ஹீன் பிழைத்திருப்பாள், ஊசிகூட வேண்டியிருந்திருக்காது.

"கையை எடு" என்றேன்.

"எடுக்கவாக்கா?"

"எடு சபிஹா. ரொம்ப அமுக்குனா உள்ள புண்ணாயிரும். அவ கொஞ்சம் படுத்து ரெஸ்ட் எடுக்கட்டும். நான் தெருவுக்குள்ள வந்துட்டேன்."

அவள் எடுத்துவிட்டாள். நான் சொல்லி அவள் எதையும் மறுத்ததில்லை.

பிறகு நான் காரில் இருந்தது கொஞ்ச நேரம்தான். தொழுகைக்கு வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஆசாத் வீட்டுக்குள் ஓடினான், அதன்பின் வெளியே வரவில்லை. போன் இரண்டு தடவை அடித்து நின்றது. தெருவில் கூட்டம் குறைந்ததும் நான் ஐஸ் பெட்டியையும் ஆக்ஸிஜனையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

உள்ளே போனபிறகு எல்லாம் முறைப்படிதான் செய்தேன். ஊசி போட்டேன், ஆக்ஸிஜன் வைத்தேன், நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது. சந்தில் திரும்பியும் விட்டது. ஃபர்ஹீனுக்கு அப்போது லேசாக நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா சிஸ்டர்" என்றாள். நான் அவள் நெற்றியில் கையை வைத்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைகூடத் தாங்கவில்லை. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. தொப்புள்கொடியைச் சபிஹா சுத்தமாகக் கட்டியிருந்தாள்.

அன்று சாயங்காலம் சபிஹாவைக் கைது செய்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் மைக்கை நீட்டியவர்களிடம் நான்தான் பேசினேன். பதிவு இல்லாதவர்களிடம் உயிரைக் கொடுக்காதீர்கள் என்று மனதாரத்தான் சொன்னேன். அந்த அதிகாரி மறுவாரமே என்னை அழைத்தார். மருத்துவச்சிகளுக்கான விதிமுறைகளைப் பரிந்துரைக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அதில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். வேலை நல்லபடியாக நடக்கிறது. அந்தப் பெண்ணின் உயிர் வீணாகப் போகவில்லை, மேடம்.

சபிஹாவின் இரண்டு கையும் வேலையாக இருந்ததால், ஜெய்தூன் பீவிதான் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அதை நான் யோசிக்கவில்லை. "கையை எடுன்னு சொன்னது அந்தச் சிஸ்டரம்மாதான், என் காதால கேட்டேன்" என்று அவர் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். அந்த அம்மா பொய் சொல்கிறவர் இல்லை. அவர் கேட்டது சரி.

சபிஹா இதை ஏன் உங்களிடம் சொல்லவே இல்லை என்று கேட்கிறீர்கள். போன வாரம் நிலக்கோட்டைச் சிறைக்குப் போய் அவளைப் பார்த்தேன். அவளைப் பார்க்க வேறு யாரும் வருவதில்லை. தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்று வீட்டார் ஒதுங்கிவிட்டார்கள். பிஸ்கட்டும் ஒரு துவாலையும் வாங்கிக்கொண்டு போனேன். இளைத்திருந்தாள். முதலில் ஃபர்ஹீனின் குழந்தை பால் குடிக்கிறதா என்று கேட்டாள். பிறகு கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க கையை எடுக்காதன்னுதானே சொன்னீங்க? எனக்குத்தான் பதட்டத்துல எடுன்னு காதுல விழுந்துருச்சு. அப்படித்தானக்கா?"

"ஆமா" என்றேன். "எடுக்காதன்னுதான் சொன்னேன்."

அவள் அழுதாள். நான் வலைக்குள் விரலை விட்டு அவள் விரலைத் தொட்டுக்கொண்டிருந்தேன். என்ன தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள், நீங்க வந்ததே போதும்க்கா என்றாள்.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மேடம். இதைச் சபிஹாவிடம் சொல்லிவிட வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கையாக இருப்பது நான் ஒருத்திதான்.