முதுகு பார்க்கும் ஞாயிறு

தன் முதுகைத் தானே பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். இந்த வீட்டில் அந்த ஆள் நான்.

கேட்டீர்கள், சொல்கிறேன், ப்ரான்வின். தம்பி உடம்பைப் பற்றி அவன் பெண்டாட்டியிடம் அக்கா கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. என் கைபேசியில் நீங்கள் பார்த்த இருபத்திரண்டு படங்களும் நான் எடுத்தவைதான். தேதிகளும் சரியானவைதான். உட்காருங்கள். லாக்லன் இப்போதுதான் கண்ணயர்ந்தான், கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்.

நீங்கள் பெர்த்துக்குப் போய்ப் பல வருஷமாகிறது. அவன் பயத்தை நீங்கள் பார்த்ததில்லை. உங்கள் அப்பா கரும்புத் தோட்டத்து வெயிலில் நின்று, தோளில் மிளகளவு வந்த ஒரு புற்றுப் புள்ளியால் நாற்பத்தொரு வயதில் போனபோது இவனுக்குப் பதினாறு. அடுத்த வருஷமே கூரை ஓடு வேயும் வேலைக்கு ஏறிவிட்டான். குவீன்ஸ்லாந்து வெயில் யாருக்கும் தள்ளுபடி கொடுக்காது. இருபத்தைந்து வயதில் அவன் கன்னம், கழுத்து, கை எல்லாம் கிழவனின் புள்ளிகள். பப்பில், கூட வேலை செய்கிற பயல்கள் கேட்பார்கள்: "டேய் லாக்கி, மூஞ்சி மட்டும் ரிட்டயர் ஆயிடுச்சு போல. பென்ஷன் வந்துச்சா?" அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வான். ஒருமுறை கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

க்ளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். எல்லாம் வெயில் புள்ளிகள், வயதுக்கு முன்னால் வந்த வயதுப் புள்ளிகள், ஆளைக் கொல்லாது என்றார் டாக்டர். கூடப்பிறந்த புள்ளிகளோடு ஒட்டாமல் வேறு மாதிரி ஒன்று முளைத்தால் மட்டும் அன்றைக்கே வரச் சொன்னார். வாராவாரம் பார்க்கும்படியும், சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஒரு ஐந்து சென்ட் காசை வைத்துப் படம் எடுக்கும்படியும், அப்போதுதான் வளர்வது தெரியும் என்றும் நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இந்தக் கடற்கரையில் பாதிக் குடும்பங்கள் இதைத்தான் செய்கின்றன. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. டோஸ்ட் தின்று முடித்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவான்.

"ஒண்ணுமில்லதானே, டீகன்?" என்பான்.

"ஒண்ணுமில்ல" என்பேன்.

அந்த ஒரு சொல்லுக்கு அவன் தோள் இறங்குவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அவன் என்னுடையவன். ஒரு மனுஷனை இப்படி ஒரு சொல்லில் பிழைக்கவைக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

பிறகு சுரங்க வேலை வந்தது. மூன்று வாரம் மேற்கே, ஒரு வாரம் இங்கே. தனியாக இருந்தால் மூச்சு விட முடியும் போலிருக்கிறது என்றும் சொன்னான். விமானத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிறு, "இது புதுசா இருக்கே" என்றேன். எதுவும் புதிதாக இல்லை. ஏதோ ஒரு பழைய புள்ளியின் மேல் விரலை வைத்தேன். அவன் வெளுத்துப்போனான். டிக்கெட்டை ரத்து செய்தான். வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது. யாருக்கு என்ன நஷ்டம்?

அப்புறமும் இரண்டு தடவை அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை டாக்டர் அவனைக் கடிந்துகொண்டார். நல்ல தோலை வெட்ட நான் கசாப்புக்காரனில்லை என்றார். லாக்லனுக்கு ரொம்ப அவமானமாகிவிட்டது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"இன்னொரு தடவை உன் வாயில புள்ளின்னு ஒரு வார்த்தை வந்துச்சு, பையைத் தூக்கிட்டுப் போயிடுவேன். சத்தியமா சொல்றேன், டீக். நீ பார்க்கறப்பல்லாம் நான் செத்துச் செத்துப் பிழைக்கறேன்."

இதில் தெளிவில்லாதது எதுவும் இல்லையே, ப்ரான்வின். கட்டினவன் ஒன்று கேட்டான், நான் கேட்டபடி நடந்துகொண்டேன்.

ஆனாலும் அவனால் ஞாயிற்றுக்கிழமையை விட முடியவில்லை. டோஸ்ட் தின்பான், சட்டையைக் கழற்றுவான், "ஒண்ணுமில்லதானே?" என்பான். மார்ச் மாதம் இடது தோள்பட்டைக்குக் கீழே அது வந்தது. கூடப்பிறந்தது எதையும் போல இல்லை. கறுப்பு, ஓரம் பிய்ந்த மாதிரி. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் போய்விடுவான் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

"ஒண்ணுமில்ல" என்றேன். அவன் தோள் இறங்கியது.

நான் அஜாக்கிரதையானவள் இல்லை. வெயிலில் படம் நன்றாக விழுகிறது என்று அவனிடம் சொல்லிக்கொண்டு, வாராவாரம் காசை முதுகில் படாமல் பக்கத்தில் பிடித்து எடுத்தேன். பாதிக் காசளவு வந்தால் சொல்லிவிடுவது என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஜூலை நடுவில் பாதியைத் தாண்டியது. அந்த ஞாயிறு அதைவிடப் பெரிய பத்து சென்ட் காசை எடுத்துப் பிடித்தேன். அதற்கு அது பாதி வரவில்லை.

ஆகஸ்டில் கூரைமேல் அவன் சட்டையில் இருந்த ரத்தத்தை, கூட வேலை செய்கிறவன்தான் பார்த்தான். மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஈரல்வரை போயிருக்கிறது என்றார்கள். இந்தப் புது மருந்து நன்றாகவே கேட்கிறது, புதிதாக எது தலைகாட்டினாலும் அன்றைக்கே சொல்லுங்கள், உயிர் அதில்தான் இருக்கிறது என்று பிரிஸ்பேன் டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். லாக்லனுக்கு என்மேல் கோபம் இல்லை. "நீ பார்த்துக்கிட்டே இருந்த. உன் கண்ணுக்கே தப்பிச்சிருக்குன்னா அது என் விதி" என்றான்.

படங்களை அவனிடம் காட்டுவேன் என்கிறீர்கள். காட்டினால் உங்களோடு பெர்த்துக்கு வந்துவிடுவான் என்று நினைக்கிறீர்கள். வரலாம். ஆனால் இந்த இரண்டு மாதத்தில் அவன் ஒரு நாளாவது பயந்து பார்த்தீர்களா? நான் ஊட்டினால் சாப்பிடுகிறான், நான் சொன்னால் தூங்குகிறான். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு ஒட்டி இருந்ததே இல்லை.

நேற்றுக் காலை குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், முடிக்குள்ளே, புதிதாக ஒன்று இருந்தது. சின்னதுதான், ஆனால் கறுப்பு. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள், மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். என் விரல் நின்றுவிட்டதை அவன் உணர்ந்துவிட்டான். உடம்பு விறைத்தது.

"ஒண்ணுமில்லதானே?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன். சிரித்துவிட்டு என் கைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

அவன் எழுந்துவிட்டான் போலிருக்கிறது, இருமல் கேட்கிறது. போய்ப் பாருங்கள். ஆனால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள், ப்ரான்வின். அவன் பயந்த சுபாவம், பயந்தால் என்னை விட்டுப் போய்விடுவான்.