அவசரத் தொடர்பு எண்

தாரணி என் அறைக்கு வந்தது தைப்பூசத்துக்கு முந்தின வாரமா, பிந்தின வாரமா என்று சரியாக நினைவில்லை. விசாரணைக் குழுவில் நீங்கள் தேதி கேட்கிறீர்கள். எனக்கு நினைவிருப்பது, அவள் உட்கார மறுத்தாள் என்பதுதான். இப்போது நானும் நின்றுகொண்டே எழுதுகிறேன். மூன்று வரிக்கு ஒரு முறை சன்னல் வரை போய் வருகிறேன்.

மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் என் வேலை, எந்த மாணவர் எந்த மருத்துவரிடம் பயிற்சிக்குப் போவது என்று பட்டியல் போடுவது. பெயர் சிவகாமசுந்தரி. பிள்ளைகளுக்கு சுந்தரி அக்கா.

"அக்கா, டாக்டர் கபிலன் ஆபரேஷன் தியேட்டர்ல என் பின்னாடியே வந்து ஒட்டி நிக்கிறாரு. ரெண்டு கையிலயும் கருவியப் பிடிச்சிருக்கேன், நகர்ந்தா பேஷண்டுக்கு ஆபத்து. அது அவருக்கு நல்லாத் தெரியும்," என்றாள் தாரணி. "புகார் எழுதிக் குடுக்கவா?"

"எழுதுனா உன்னையத்தான் முதல்ல விசாரிப்பாங்க. ஆங் மோ கியோ வீட்டுல அப்பா காதுக்கும் போகும். போஸ்டிங்க மாத்திடறேன், விடு."

"நீங்க இல்லன்னா செத்தோம் லா, அக்கா."

அவள் பெயரை எடுத்ததும் ஓர் இடம் காலியானது. டாக்டர் கபிலனிடம் ஒவ்வொரு சுற்றிலும் எட்டுப் பேர் போயாக வேண்டும். அடுத்த சுற்றில் எட்டுப் பேரையும் ஆண்களாகவே அனுப்பினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் போன அன்றே அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன சுந்தரி, பாய்ஸ் கேம்ப் நடத்துறியா? பொண்ணுங்க சர்ஜரி கத்துக்க வேணாமா? டீன் கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெண்களை ஒதுக்கி வைப்பதும் தவறுதானே.

பல நாள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு சிராங்கூன் சாலையில் மேலும் கீழும் நடந்தேன். கடைசியில் மாணவர் படிவத்தைப் பார்த்தபோது வழி கிடைத்தது. அதில் அவசரத் தொடர்பு எண் என்று ஒரு கட்டம் உண்டு. சிலருக்கு அது வெளிநாட்டு எண். ஈப்போ, யங்கூன், கொழும்பு. அவர்களுக்காகக் கல்லூரி வாசலில் வந்து நிற்க இங்கே அப்பாவோ அண்ணனோ கிடையாது. உதவித்தொகையில் வந்தவர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு. பேச மாட்டார்கள். அந்த எண்களுக்கு மஞ்சள் நிறம் அடித்தேன்.

அதன்பின் அவரிடம் போன பெண்கள் எல்லோரும் மஞ்சள். ஆறு வருடம் ஒரு புகாரும் வரவில்லை. மாணவிகள் பாதுகாப்புக்காக எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

ஈப்போவிலிருந்து வந்த அமீரா, மூன்றாவது முறையாகத் தன் பெயரைப் பார்த்த அன்று வந்தாள்.

"அக்கா, எம்பேரு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப அவருகிட்டயே போகுது?"

"சிஸ்டம் போடுதும்மா. என் கையில இல்ல."

"அவரு எப்படின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"நீ தலைய மூடிட்டுப் போற பொண்ணு. உன்கிட்ட மரியாதையா இருப்பாரு."

"தியேட்டர்ல எல்லாரும்தான் தலைய மூடியிருக்கோம், அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. நான் கணினியைப் பார்த்தேன். அவளுடைய பெயரை மாற்ற ஒரு நிமிடம் போதும். மாற்றவில்லை. அவள் இடத்துக்கு மஞ்சளில் வேறு யாரும் அந்தச் சுற்றில் மிச்சமில்லை.

நான்கு வாரம் அவரிடம் போய்வந்தாள். பிறகு அவரிடம் போன பெண்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருத்தியிடமும் சொந்த ஊர் எது என்று மட்டும் கேட்டிருக்கிறாள். பதினோரு பேர். அந்தப் பட்டியல்தான் உங்கள் மேசையில் இருக்கிறது.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டீர்கள். தெரிந்தே செய்தேன். ஒவ்வொரு முறையும் பெயரைத் தட்டியது என் கைதான்.

டாக்டர் கபிலன் இப்போது தனியார் மருத்துவமனை ஒன்றில் இருக்கிறார். தாரணி அறுவை சிகிச்சை நிபுணர். தீபாவளிக்கு எனக்கு வாழ்த்து அனுப்பினாள். பதினோரு பேரில் நான்கு பேர் படிப்பை விட்டுவிட்டார்கள். அமீரா இறுதியாண்டுக்குத் திரும்பவில்லை. ஈப்போ எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன், அவள் அம்மா எடுத்தார், நான் வைத்துவிட்டேன். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளில் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை யாரும் எழுதவில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.