நாயைக் கிட்டப் பிடியுங்கோ

இல்லைத் தம்பி, நாயை உள்ளுக்க விடமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. உந்தக் கயிறோட விடமாட்டன் எண்டுதான் சொல்லுறன். உந்தப் பட்டனை அமத்த அமத்த நீண்டுகொண்டு போற கயிறு இஞ்ச ஆகாது. நீங்கள் இதில நிண்டு ஃபோனைப் பாத்துக்கொண்டிருப்பியள், நாய் அங்க குதிரையின்ர காலுக்குள்ள நிக்கும். கட்டைக் கயிறுதான் வேணும். கொண்டுவரேல்லையோ? சரி, அந்தரப்படாதேங்கோ, பாப்பம். இப்பிடி நிழலுக்க வாங்கோ.

தமிழ் எண்டு முதலே தெரியும். காரால இறங்கேக்க நாயை வாடா கண்ணா எண்டு கூப்பிட்டனீங்கள் எல்லோ. இந்தியாவோ? ஹோம்புஷில இருந்து இவ்வளவு தூரம் நாய்க்கு ஊர் காட்ட வந்தனீங்களோ. வைஃப் சொன்னவவோ? குடுத்து வச்ச நாய். என்னை எங்கயாவது கூட்டிக்கொண்டு போகோணும் எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை.

பேர் என்ன? உங்கட இல்லை, நாயின்ர. போண்டாவோ. பொருத்தமாத்தான் இருக்கு, நல்லா ஊதித்தான் கிடக்கு. என்ர பேர் இந்திரகுமார். இந்த மஞ்சள் சட்டையைப் பாத்துப் பொலிஸ்காரன் எண்டு நினைக்காதேங்கோ, செவன் ஹில்ஸில நான் வேலை செய்யிற வேர்ஹவுஸில போடுற சட்டைதான். இஞ்ச நான் நாய்க்குப் பொறுப்பு. சிரிக்காதேங்கோ, மெய்யாத்தான். குதிரையள் தடை பாயிற போட்டி நடக்கிற நாளில இந்தக் கேற்றில நிண்டு, வாற நாயளை ஒவ்வொண்டாப் பாத்து விடுறதுதான் என்ர வேலை. சம்பளம் இல்லை. சாப்பிட ஒரு சொசேஜும் பாணும் தருவினம்.

ஓம், மகள் ஓடுறாள். வினுஷா. இண்டைக்குத்தான். இன்னும் கொஞ்சத்தில கூப்பிடுவினம். போன வருசம் இதே இடத்தில குதிரையால விழுந்து தோள் எலும்பு உடைஞ்சு போச்சு, அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் திரும்ப ஏறுறாள். போவன், போவன், பாக்காமல் விடுவனோ. டியூட்டி இருக்கெல்லோ. கேற்றை விட்டிட்டுப் போகேலாது.

அவள் எப்பிடி விழுந்தவள் எண்டு கேட்டனீங்கள் எண்டா, அதுவும் நாயாலதான். அதாவது, நாயால எண்டுதான் நானும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.

முதல்ல உங்களுக்கு எங்கட சனத்தைப் பற்றிச் சொல்லோணும். இவள் குதிரை பழகப் போறன் எண்டு சொன்ன நாளில இருந்து கோயிலுக்குப் போகேலாது. ஒருத்தர் கேக்கிறார், ரேஸோ எண்டு. இன்னொருத்தர் கேக்கிறார், அப்ப மெடிசின் இல்லையோ எண்டு. மெடிசின் படிக்கிற பிள்ளை குதிரையில போகக்கூடாதோ, இல்லைக் குதிரையில போனால் மெடிசின் விழுந்துடுமோ, எனக்கு விளங்கேல்லை. சரி, அது கிடக்கட்டும். முதல் போட்டி எண்டவுடன மனிசி தர்சினி எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. அரங்கேற்றம் எண்டு நினைச்சு முழுச் சனமும் வந்துட்டுது. பட்டுச் சீலை, ஹீல்ஸ், அந்தச் சேத்துக்குள்ள. ஆளாளுக்கு மடக்குக் கதிரை. மச்சான் விக்னராஜா, புதுக் கார் எடுத்தா உடைக்கிறமெல்லோ, அதுமாதிரிக் குதிரைக்கு முன்னால தேங்காய் உடைக்கோணும் எண்டு நிண்டவர். குதிரை வெருளும் எண்டு நான்தான் பறிச்சுக் காருக்குள்ள வச்சனான்.

குதிரையின்ர பேரோ? கஸ்ரட். நிறம் அப்பிடி, வெளிறின மஞ்சள். பாக்கத்தான் பெரிய உருப்படி. பிளாஸ்ரிக் பை பறந்தாப் பயம், குடையை விரிச்சாப் பயம், தன்ர வாலுக்கே சில நேரம் பயம். ஆனா ஒண்டு சொல்லோணும், நாய்க்கு அது பயப்பிடுறேல்லை. அந்தத் தொழுவத்திலயே நாலைஞ்சு நாய் கிடக்கு, ஒண்டோட ஒண்டு மூக்கை முட்டிக்கொண்டு நிக்கும்.

மோர்னிங் ஜூடி. ஓல் குட்? குட், குட்.

பாத்தியளோ இப்ப போனவவை? தொப்பி போட்ட மனிசி. அவவின்ர கையில போனது பிரெடி, அந்தக் கறுத்த லப்ரடோர். அதுதான் தம்பி அந்த நாய். ஓம், அதேதான். ஒவ்வொரு முறையும் வரும். வந்து என்ர கால்சட்டைப் பொக்கற்றை மணந்து பாத்துப்போட்டுத்தான் உள்ளுக்குப் போகும்.

சொல்லுறன், சொல்லுறன். எங்கட இரஞ்சிதம் அன்ரியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டியள். வெண்ட்வேர்த்வில் பக்கம் எந்தக் கலியாண வீடு எண்டாலும் ரோல்ஸ் அவவின்ரதான். ஆட்டிறைச்சி ரோல்ஸ். அண்டைக்கும் ஒரு பெரிய பெட்டி நிறையச் செய்து கொண்டு வந்தவா, பிள்ளை வெண்டாலும் தோத்தாலும் சனம் சாப்பிடோணும் எண்டு. குதிரை பாயிற ரிங்குக்குப் பக்கத்தில, சுத்திவரக் கயிறு கட்டின இடத்தில கதிரையைப் போட்டு, மடியில பெட்டியைத் திறந்து வச்சுக்கொண்டு இருக்கிறா. அன்ரிக்கு நாயெண்டால் உயிர் போற பயம். பக்கத்தில ஜூடி, ஜூடியின்ர கையில பிரெடி. உங்கட போண்டாவின்ர மாதிரி நீளுற கயிறு.

வினுஷா உள்ளுக்க வந்துட்டாள். குதிரை முதல் ரெண்டு தடையும் வடிவாப் பாஞ்சது. எங்கட சனம் கைதட்டுது, தட்டக்கூடாத நேரத்தில. அந்த நேரம் பாத்து பிரெடி எழும்பி அன்ரியின்ர மடியை மணந்துது. நாங்கள் ஊரில நாய் கிட்ட வந்தால் என்ன செய்யிறனாங்கள்? சாப்பாட்டுத் துண்டு ஒண்டைத் தூர எறிஞ்சால் நாய் அங்கால போகும். உங்கட பக்கமும் அப்பிடித்தானோ? அன்ரியும் அதைத்தான் செய்தவா. ஒரு ரோல்ஸைத் தூக்கி, பலம் கொண்ட மட்டும் தூர எறிஞ்சா. அறுபது தாண்டின மனிசிக்கு உந்தக் கைவலு எங்கயிருந்து வந்ததோ தெரியாது. ரோல்ஸ் கயிறுக்கு மேலால போய் மூண்டாவது தடைக்கு முன்னால விழுந்தது.

பிறகென்ன. நாயும் போச்சு. ஜூடியின்ர கையில கயிறின்ர பிடி மட்டும் மிச்சம். குதிரை பாயிறதுக்கு எண்டு வந்து, முன்னால நாய் ரோல்ஸ் தின்னுறதைக் கண்டு அப்பிடியே காலை ஊண்டி நிண்டுட்டுது. கஸ்ரட்டைப் பிழை சொல்லேலாது, நாயை மிதிக்கேல்லை அது. ஆனா குதிரை நிண்டால் மேல இருக்கிறவள் நிப்பாளோ? அவள் மட்டும் தடையைத் தாண்டினவள்.

நான் அதைப் பாத்தனான் தம்பி. கயிறுக்குப் பக்கத்தில நிண்டு வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டனான். பிள்ளை விழுந்து கிடக்கிறாள், குதிரை மட்டும் தனிய வெளியால வருது.

ம்.

அன்ரி கத்தினது இப்பவும் காதுக்குள்ள நிக்குது. தர்சினி ஓடிப்போய்ப் பக்கத்தில குந்தியிருந்து, பிள்ளை, அசையாத, விரலை மட்டும் ஆட்டிக் காட்டு எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. அவ வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில நேர்ஸ், உடைஞ்ச எலும்பைக் கண்டால் வேலை எண்டு நினைக்கிற ஆள். நான் என்ன செய்தனான் தெரியுமோ? அந்த நாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அதைவிட வேற ஒண்டும் எனக்குச் செய்யத் தெரியேல்லை.

பேந்துதான் எனக்குக் கோவம் வந்தது. கோவம் எண்டால் சும்மா கோவம் இல்லை. குதிரைப் போட்டிக்கு நாய் என்னத்துக்கு? நாய்க்குப் போட்டி இருக்கோ? நாய் ரிக்கெற் எடுத்ததோ? ஒருத்தி நாயைப் பிள்ளை வண்டிலில வச்சுத் தள்ளிக்கொண்டு வாறாள், தொப்பியும் போட்டு. குறை நினைக்காதேங்கோ, போண்டாவுக்குத் தொப்பி இல்லைத்தானே? இருக்கோ. சரி, அதைக் காரிலயே விடுங்கோ. நான் கிளப் கமிற்றிக்கு எழுதிப்போட்டன், நாயளை முழுக்க நிப்பாட்டோணும் எண்டு. கூட்டம் வச்சவை. சாட்சிக்கு இரஞ்சிதம் அன்ரியையும் கூட்டிக்கொண்டு போனனான்.

கூட்டத்தில சனம் ரெண்டு பக்கமா நிண்டுது. ஒரு பக்கம் சொல்லுது, நாய்க்கு வெருளுற குதிரை எல்லாத்துக்கும் வெருளும், பழக்கிறது உங்கட பொறுப்பு எண்டு. மற்றப் பக்கம் சொல்லுது, பழக்கின குதிரையில வாறவளும் ஒருநாள் முதல்முதலா வந்தவள்தானே, அண்டைக்கு ஆர் பொறுப்பு எண்டு. ரெண்டும் நியாயம்தான், அதுதான் கரைச்சல். பிறகு ஜூடி எழும்பினா. ஒரு சாட்டும் சொல்லேல்லை. என்ர நாய், என்ர கை, என்ர பிழை, அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்கிறன் எண்டு மட்டும் சொல்லிப்போட்டு இருந்திட்டா. ரோல்ஸைப் பற்றி வாயே திறக்கேல்லை. ஆஸ்பத்திரிக்கும், பிறகு வீட்டுக்கு ஒவ்வொரு கிழமையும் பூ கொண்டு வந்த மனிசி.

எனக்கு உள்ளுக்க நல்ல சந்தோசம், வழக்கு வெண்டாச்சு எண்டு. அந்த நேரம் என்ர சாட்சி எழும்பி நிக்குது. அன்ரிக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஆனா எல்லாருக்கும் கேக்கக் கூடியதாச் சொன்னவா. டோக் நோ மிஸ்ரேக். ஐ த்ரோ. பிறகு என்னைப் பாத்துத் தமிழில சொல்லுறா, வாயில்லாத சீவன்ர தலையில என்ர பாவத்தைக் கட்டாத தம்பி எண்டு.

நான் என்ன செய்யிறது? முகத்தை எங்க வைக்கிறது எண்டு தெரியேல்லை. ஜூடி அன்ரியைக் கட்டிப்பிடிச்சு அழுறா, அன்ரி ஜூடிக்கு ரோல்ஸ் குடுக்கிறா. ஓம், கூட்டத்துக்கும் கொண்டு வந்தவா. கமிற்றி முழுக்கச் சாப்பிட்டு முடிச்சுப்போட்டுத்தான் தீர்ப்புச் சொன்னது. நாய் வரலாம். கட்டைக் கயிறு. மற்ற ஆளின்ர நாய்க்குச் சாப்பாடு குடுக்கப்படாது, எறியவே படாது. அதைப் பாக்கிறதுக்குக் கேற்றில ஒரு ஆள் வேணும். ஆர் நிப்பினம் எண்டு கேக்க, நான்தான் கையைத் தூக்கினனான். எல்லாரும் கைதட்டினவை. கோவத்தை விட்டிட்டு உதவிக்கு வந்த பெரிய மனுசன் எண்டு நினைச்சிருப்பினம்.

இப்ப கூப்பிட்டது வேற பிள்ளை. இவளுக்கு முன்னால இன்னும் ரெண்டு மூண்டு பேர் இருக்கு. இல்லை, நான் ஸ்பீக்கரைக் கேக்கேல்லை, உங்களோடதான் கதைச்சுக்கொண்டிருக்கிறன்.

அவளோ? அவள் கெட்டிக்காரி. தோள் சுகமான உடனயே சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கினவள். வேண்டாம் பிள்ளை எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. சொல்லி, அவள் கேட்டு நிப்பாட்டினாள் எண்டு வையுங்கோ, பிறகு வாழ்நாள் முழுக்க என்னாலதான் நிண்டது எண்டு அவளின்ர மனசில கிடக்கும். அதுதான் ஓம் எண்டனான். ஓம் எண்டு சொல்லுறது சுகம் தம்பி. காலமை காரில வரேக்க, முன் சீற்றில இருந்து றோட்டைப் பாத்துக்கொண்டே சொல்லுறாள், அப்பா, இண்டைக்கு நாய் நிறைய வரும், நீங்கள் கேற்றிலயே நில்லுங்கோ, நான் வந்து சொல்லுறன் எண்டு. நானும் ஓம், டியூட்டி இருக்கெல்லோ எண்டனான்.

இண்டைக்கு எத்தினை நாய் வந்தது எண்டு நினைக்கிறியள்? பிரெடியும் உங்கட போண்டாவும்தான்.

உந்தா. கேட்டுதோ? ஸ்பீக்கரில. பேரைக் கொலை செய்யிறாங்கள், ஆனா அவள்தான். அவளேதான்.

இந்தாங்கோ, இந்தப் பெட்டியைத் திறவுங்கோ. கட்டைக் கயிறு வேண்டிய மட்டும் கிடக்கு. முதலே தந்திருக்கலாம் தம்பி, குறை நினைக்காதேங்கோ, கதைக்க ஒரு ஆள் வேணும் போல இருந்தது. இந்தக் கேற்றில நிண்டால் தகரக் கொட்டில் மறைக்கும், ரிங் தெரியாது. அதுக்குத்தான் நான் அண்டைக்குக் கையைத் தூக்கினனான். வேற ஒண்டுக்கும் இல்லை.

ஒரு உதவி செய்வியளோ? அந்தக் கொட்டிலின்ர மூலையில போய் நிண்டால் உங்களுக்கு ரிங்கும் தெரியும், இஞ்ச நானும் தெரிவன். நாயைக் கொண்டு போகாதேங்கோ, என்னட்ட விட்டிட்டுக் கெதியா ஓடுங்கோ, எனக்கும் கையில பிடிக்க ஒண்டு வேணும். முடிஞ்ச பிறகு குதிரையும் பிள்ளையும் ஒண்டா வெளியால வந்தால், கையைத் தூக்கிக் காட்டுங்கோ. குதிரை மட்டும் தனிய வந்தால் ஒண்டும் காட்ட வேண்டாம், தர்சினி அங்க நிக்கிறா, அவ பாப்பா. ஓடுங்கோ தம்பி, மணி அடிச்சிட்டான்.

போண்டா, இஞ்ச வா ராசா. அங்கால பாக்காத. கிட்ட வா, இன்னும் கிட்ட. நாங்கள் ரெண்டு பேரும் றோட்டைப் பாப்பம்.