அண்ணன் கொடுத்த இடம்

சார், அந்த ஃபேனுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் இந்தச் சத்தம் நின்றுவிடும். ஏட்டுக்கும் நான் சொல்வதைக் கேட்டு எழுத வசதியாக இருக்கும்.

மத்தியாஸின் சட்டைப் பையில் ஃபியூஸ் கட்டைகள் இருந்தபோது மில்லிங் மிஷினுக்குக் கரண்ட் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அந்த மிஷின் வந்த கதை தெரியாமல் அது விளங்காது.

எழுபத்தாறில் கோயமுத்தூரில் ஒரு பெரிய பட்டறை அதைப் பழைய இரும்பு என்று கழித்துக்கட்டியது. வெளிநாட்டுச் சரக்கு. பக்கத்திலேயே பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. ஓட்டை போட்ட காகித நாடாவை அதில் மாட்டினால், பெட்டி ஓட்டைகளைப் படித்துச் சொல்ல, மிஷின் தானாகவே இரும்பைச் செதுக்குமாம். பெட்டி செத்துப்போனது, பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை. எனக்குப் பார்த்ததுமே ஆசை விழுந்துவிட்டது. லாரியில் ஏற்றி, வாளையார் செக்போஸ்ட்டில் அது என்ன சாமான் என்று விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் இறக்கினேன். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. ஆறு மாதமாகியும் அது அசையவில்லை. டீக்கடையில் என்னைக் கண்டாலே சிரித்தார்கள்.

அப்போதுதான் மத்தியாஸ் வந்தான். போடிமெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து, அது மூடியதும் வேலை தேடி இறங்கி வந்தவன். ஷெட்டிலேயே தங்கச் சொன்னேன். மூன்று வேளையும் என் வீட்டுச் சாப்பாடு. நான் தம்பி என்றேன், அவன் அண்ணே என்றான். ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

பெட்டியின் குடலை உருவி வெளியே போட்டோம். காகித நாடாவுக்குப் பதிலாக ஒரு தகர உருளை, அதன்மேல் வரிசை வரிசையாக ஆணிகள். உருளை சுற்றச் சுற்ற ஒவ்வொரு ஆணியும் ஒரு சுவிட்சைத் தட்டும். மேஜை நகரும், திரும்பும், கத்தி இறங்கும். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், டார்ச் பிடித்தேன், யோசனை சொன்னேன். என் மனைவி மயிலாத்தாள் ஒருநாள், “ஏனுங்க, பொழுதுக்கும் அந்தத் தம்பியே கெடந்து பாடுபடுது, நீங்க பாத்துட்டே நிக்கறீங்க” என்றாள். அவளுக்கு மிஷின் வேலையைப் பற்றி என்ன தெரியும்?

ஃபியூஸ் கட்டை வழக்கம் அவன் ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்தது. அங்கே ரோலரில் ஒருவனுக்குக் கை போனதிலிருந்து இப்படியாம். யார் கை மிஷினுக்குள் போகிறதோ, அவனே போர்டிலிருந்து மூன்று கட்டைகளையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். கூடப்பிறந்தவனிடம்கூடக் கொடுத்து வைக்கக் கூடாது. பை கனத்தால் பயமில்லை என்பான். நானும் அப்படியே செய்தேன்.

போன மாதம் மலையிலிருந்து ஒரு எஸ்டேட் இன்ஜினியர் மிஷினைப் பார்க்க வந்தார். நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். உருளை சுற்றுவதைப் பார்த்து அவர் அசந்துபோனார். இதை யார் செய்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மத்தியாஸ் சொன்னான்.

“எல்லாம் நாந்தான் சார் செஞ்சேன். அண்ணன் எடம் குடுத்தாக.”

இரண்டு வருஷம் அந்த ஷெட்டில் நின்ற கால் என் கால், சார். ஊர்ச் சிரிப்பை வாங்கியவன் நான். இன்ஜினியர் அவனைத் தன்னோடு வந்து இதே மாதிரி இன்னொன்று செய்துதரக் கேட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சரி என்றான். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னான். நல்லது தம்பி என்றேன். அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பூசைக்குப் போயிருந்தபோது போர்டைக் கழற்றினேன். கட்டைகளைப் பிடுங்கினாலும் மிஷினுக்குக் கரண்ட் பாய்கிறாற்போல் பின்பக்கமாக மூன்று வயர் கொடுத்தேன். கரண்ட் இருப்பதைக் காட்டும் சிவப்பு பல்பைத் திருகித் தளர்த்தினேன், பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வான். யார் துணையும் இல்லாமல் அந்த ஷெட்டில் நான் செய்த வேலை அது. முதல் தடவையே சரியாக வந்தது.

மறுநாள் காலை கத்தியில் இரும்புச் சுருள் சிக்கியது. சிக்காமல் இருந்திருந்தால் இன்னொரு நாள் சிக்கியிருக்கும். அவன் மிஷினை நிறுத்தி, கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, வலது கையை உள்ளே விட்டான். நான் வழக்கம்போல உருளைப் பக்கம் நின்றேன். மிஷினைக் கிளப்பும் பச்சைப் பட்டனை அழுத்தினேன். தவறிக் கை பட்டது என்று ஏட்டு எழுதியிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

மணிக்கட்டோடு போயிற்று. மயிலாத்தாள் தன் சேலையைக் கிழித்துக் கட்டினாள். நான்தான் வண்டி பிடித்துப் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அதையும் எழுத வேண்டும். கண் விழித்ததும் அவன் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, “வயரிங்ல எங்கயோ நான் தப்புப் பண்ணிட்டேண்ணே. நீங்க அதத் தொட்டுறாதீக” என்றான். உங்களிடமும் அதையே சொல்லியிருப்பான். அதைக் கேட்ட பிறகுதான் என் மனசு ஆறியது. தன் வேலையில் தப்பு உண்டு என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது, பாருங்கள்.

இவ்வளவுதான், சார். தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு உபகாரம். அன்றைக்குப் பிறகு உருளை சுற்றுகிறது, மேஜை நகர மாட்டேன் என்கிறது. நானும் எல்லாவற்றையும் திருகிப் பார்த்துவிட்டேன். எந்த ஆணி எதற்கு என்று பிடிபடவில்லை. நான் ஜாமீனில் வந்ததும் மத்தியாஸை ஒருநாள் அனுப்பி வையுங்கள். அவன் கை தேவையில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொன்னால் போதும். நான் செய்த மிஷின் இப்படிச் சும்மா கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.