டெலோரஸுக்குப் போக வேண்டிய வைக்கோல்

அதெல்லாம் சரி வெர்னன், டெலோரஸுக்குத் தர்றேன்னு சொல்லிட்டீங்க, சொன்ன சொல்ல மாத்தச் சொல்லி நான் வரல. சும்மா கேக்கறேன், அத்தனை கட்டும் அவ ஒருத்திக்கு எதுக்கு? அறுப்பின் பண்டிகைக்கு சர்ச்சு வாசல்ல அடுக்குன வைக்கோல். ஊரே அதுமேல உக்காந்து போட்டோ எடுத்துக்கிச்சு. அது பொதுவுல இருக்கறதுதான?

ஸ்ட்ராபெரிப் பாத்திய மூடறதுக்கா. ம். ஸ்ட்ராபெரி பாவம், குளிர் தாங்காது. நான் ஒண்ணும் சொல்லல.

நீங்க உங்க வேலையப் பாருங்க. பனி தள்ளற வண்டிய இப்பவே ரிப்பேர் பண்ணாத்தான் உண்டு. சர்ச்சுக் கூரை, மணி, புல்லு, கல்லறைத் தோட்டம், எல்லாத்துக்கும் நீங்க ஒரே ஆளு. நான் இந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கறேன். இன்னிக்கு ரொம்ப நேரம் நிக்க முடியல.

இந்தாங்க, இது உங்களுக்கு. சன்சோக் கிழங்கு, காலைலதான் தோண்டுனேன். மண்ணோட இருக்கட்டும், கழுவி வச்சீங்கன்னா கெழவி மொகம் மாதிரி சுருங்கிப் போயிரும். லஞ்சமா? அட போங்க, லஞ்சம்னா கேக்கு சுட்டுக் கொண்டு வந்திருப்பேன்.

பயப்படாமச் சாப்பிடுங்க. இது உறைபனி பட்ட கிழங்கு. என் நாத்தனா கிழங்கு இல்ல.

சிரிக்கறீங்க பாருங்க. மறக்க முடியுமா அத? டெலோரஸுகிட்ட நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு எவ்வளவோ சொன்னேன். செப்டம்பர் மாசம், செடி ஆள் ஒசரம் நிக்குது, உச்சியில மஞ்சப் பூவு, இலையெல்லாம் பச்சை. இவ தோண்டறா. ஏண்டி, இது உருளைக்கிழங்கு இல்லடி, ரெண்டு நல்ல உறைபனி விழட்டும், இலை கருகட்டும், அப்பத்தான் கிழங்கு இனிக்கும், வயித்துல வாயுவும் கட்டாதுன்னேன். அதுக்கு அவ, அண்ணி, நீ வெயிலடிச்சாலும் குடை தேடறவ, உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்னுட்டா. பயந்தவதான் நான். இல்லேங்கல.

புதன்கிழமை சர்ச்சு விருந்துக்கு அம்புட்டையும் வேகவச்சு, க்ரீமு, வெண்ணெய், மேல ரொட்டித்தூளு. வாசனை என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம ஆளுங்க வழக்கம்போல ரெண்டு தடவ வேண்டாம்னாங்க, மூணாந்தடவ தட்ட நீட்டுனாங்க. அதோட ராத்திரி ஆராதனைக்குப் போய் உக்காந்தோம்.

தும்முனாலே மன்னிப்புக் கேக்கற சனம் வெர்னன் நம்ம சனம். அத்தனை பேரும் பல்லக் கடிச்சுக்கிட்டு, முதுக நிமுத்திக்கிட்டு உக்காந்திருக்கோம். பாஸ்டர் அப்பத்தான் ஊருக்குப் புதுசு. கொஞ்ச நேரம் எல்லாரும் அமைதியா இருந்து ஜெபிப்போம்னாரு. அந்த அமைதியத்தான் தாங்க முடியல. நீங்கபாட்டுக்கு மணியடிக்கணும்னு எந்திரிச்சு ஓடுனீங்க, மணியடிக்கற நேரமா அது? எங்களுக்கு ஓட வழியில்ல. அடுத்த பாட்டு வந்ததுதான் தாமதம், சர்ச்சே அலறிப் பாடுச்சு. பின்வரிசை பெரியவங்க, வாயத் தொறக்காத நார்வேக்காரங்க, அவங்களும் தொண்டை கிழியப் பாடுறாங்க. பாஸ்டருக்குக் கண்ணுல தண்ணி. பரிசுத்த ஆவி எறங்கி ஊர்ல எழுப்புதல் வந்துருச்சுன்னு நெனச்சுட்டாரு. இன்னி வரைக்கும் அவருகிட்ட யாரும் சொல்லலையாம்.

அய்யோ, சிரிச்சா விலாவுல புடிக்குது. இருங்க.

என்ன கேட்டீங்க? சாகுமா? சன்சோக்கா? இந்த மின்னசோட்டாக் குளிர்லயா? அட நீங்க ஒண்ணு. போன சனவரி ஞாபகம் இருக்கா, ஒரு காரும் கிளம்பல, எங்க வீட்டுக் கதவு சட்டத்தோட ஒட்டிக்கிச்சு. அப்பவும் அது மண்ணுக்குள்ள கல்லு மாதிரி இறுகிப் போய்க் கெடந்துச்சு. ஏப்ரல்ல பனி உருகுன ஈரத்துல தோண்டுனா ஒண்ணும் ஆகல, மொறுமொறுன்னு இருக்கு. தோண்டாம விட்டது மொளைக்குது. தோண்டித் தூக்கிப் போட்டது போட்ட எடத்துல மொளைக்குது. எலி தின்னாத்தான் உண்டு. குளிரு அத ஒண்ணும் பண்ணாது.

அப்பறம் எதுக்கு மூடறோம்ங்கறீங்களா? இதுதான் யாருக்கும் புரியறதில்ல. மூடறது கிழங்குக்கு இல்ல, மண்வெட்டிக்கு. தரை இறுகிட்டா கடப்பாரைக்கே மசியாது. முன்னாலயே மேல கனமா ஏதாச்சும் போட்டு வச்சுட்டோம்னா, அதுக்கு மேல பனியும் விழுந்து மூடிக்கும். சனவரில பனிய ஒதுக்கி, மூடுனத வெலக்கிப் பாருங்க, அடியில மண்ணு கேக்கு மாதிரி கெடக்கும். ஆனா தரை உறையறதுக்கு முன்னாடி போட்டுரணும். உறைஞ்ச பொறவு போட்டா குளிர உள்ள வச்சுப் பூட்டுன மாதிரி ஆயிரும். வியாழக்கிழமை பெரிய குளிரு எறங்குதுன்னு ரேடியோவுல சொல்லிட்டான். அதான் இன்னிக்கே ஓடி வந்தேன். எனக்கு ராத்திரியெல்லாம் இதே நெனப்பு. ஸ்ட்ராபெரிக்கு என்ன, அடுத்த வாரம் போட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது.

என்னது?

ஆமா, வண்டியில போறப்ப பாத்திருப்பீங்க. எங்க வீட்டுக்காரரு போன வாரமே மேப்பிள் இலையா அள்ளிக் கிழங்குப் பாத்தி மேல கொட்டிட்டாரு, முட்டியளவு. ஆர்விட் ஒண்ணச் செஞ்சா திருந்தச் செய்வாரு. அதுக்கு வைக்கோல் வேண்டாம்தான்.

ரோஜாவுக்கும் இல்ல.

இங்க போடத்தான் கேக்கறேன். நம்ம கல்லறைத் தோட்டத்துல. வடக்கு வேலியோரம் ஆர்விட் குடும்பத்து எடம் இருக்குல்ல, அங்க.

ஏன் நிறுத்திட்டீங்க, வேலையப் பாருங்க. நீங்க கைய நிறுத்துனா எனக்குப் பேச வராது.

தரை இறுகிட்டா நீங்க குழி தோண்ட மாட்டீங்க, உங்க மேல தப்பில்ல. குளிர்காலத்துல போனவங்க எல்லாரும் மே மாசம் வரைக்கும் அந்த மூலைக் கல்லு ரூம்ல பொட்டிக்குள்ள காத்துக் கெடக்கணும். அதுவாச்சும் பரவால்ல, படுத்திருக்கறவளுக்கு என்ன. செத்தப்ப ஆராதனை ஒரு தடவ, மே மாசம் அடக்கம் ஒரு தடவ, ரெண்டுக்கும் சனம் வரும், ரெண்டுக்கும் சாப்பாடு போடணும். ஆர்விட் காபி போட்டா தண்ணியா இருக்கும், கப்போட அடியில போட்ட பூவு தெரியும். அதுல மே மாசம்னா ஏரியில மீன்பிடிக்கத் தடை எடுக்கற மொத சனிக்கிழமை வரும். அவரு அத்தைக்கு அந்தச் சனிக்கிழமையாப் பாத்து அடக்கம் வச்சாங்க, மனுசன் கோட்டுக்குக் கீழ ரப்பர் பூட்ஸோட நின்னாரு. வருசம் பூரா அந்த ஒரு நாளுக்குத்தான் காத்துக் கெடப்பாரு. அத நான் கெடுக்கணுமா?

டாக்டரு கிறிஸ்துமஸ் வரைக்கும்தான்ங்கறாரு. எனக்கென்னமோ சனவரி ஆகும்னு தோணுது, நான் எங்கயும் நேரத்துக்குப் போய்ச் சேந்ததில்ல.

தெரியும், ஆர்விட்டுக்குத் தெரியும். இலை அள்ளிக்கிட்டே இருக்காரு, பக்கத்து வீட்டு எலையும் சேத்து. டெலோரஸுக்குத்தான் இன்னும் சொல்லல. கட்டு கொறையுதுன்னு கேட்டா எம் பேரச் சொல்லுங்க, ரெண்டு நாளு திட்டட்டும். திட்டறப்ப அவ நல்லாருப்பா.

எல்லாக் கட்டும் வேண்டாம் வெர்னன். ஆர்விட் அம்மாவுக்கு அடுத்தாப்ல எம் பக்கம் மட்டும், ஒரு ஆள் அகலத்துக்குக் கனமாப் போட்டு, மேல ஒரு தார்ப்பாய் கட்டிருங்க. அவரு பக்கம் போடாதீங்க. அது பாட்டுக்கு உறைஞ்சு கெடக்கட்டும், வருசா வருசம்.