ஓடு பிரித்த ஐப்பசி

சடக். தலைக்கு மேல் ஒரு ஓடு போகிறது. மறுபடியும் சடக். போன இடத்தில் வெளிச்சம் விழுகிறது. வெளிச்சத்தோடு மழை விழுகிறது.

"ஏலே, ஓட்டப் பிரிக்காதீங்கடா! உள்ள பச்சப்புள்ளைக இருக்கு!"

கத்துவது நான்தான். மேலே மூன்று ஆட்கள். ஒருத்தன் உருவுகிறான். ஒருத்தன் வாங்குகிறான். ஒருத்தன் தெருவில் எறிகிறான். ரெண்டு பிள்ளைகளையும் சேலையால் நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் நகர்கிறேன். சில்லு தெறித்துக் காலில் ஏறுகிறது. குனிந்து பிடுங்க முடியாது. குனிந்தால் பிள்ளை நசுங்கும்.

1962. ஐப்பசி. வியாழக்கிழமை காலை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு. அதில் கடைசி அறை என்னுடையது.

வடக்கே சீனாக்காரனோடு சண்டை. என் புருஷன் பட்டாளத்தில் இருந்தார். எந்த மலையில் என்று தெரியாது. கடுதாசி நின்றுபோனது. டீக்கடை ரேடியோவில் ஏதேதோ ஊர்ப்பேர் சொல்வார்கள். ஒன்றும் என் வாயில் நுழையாது. ஒவ்வொரு பேருக்கும் ஒரு தடவை அவர் செத்துப் பிழைப்பார், என் மனசுக்குள்ளே. அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். வரைபடத்தில் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ளவும் தெரியாது.

வீட்டு முதலாளிக்கு அந்த இடத்தில் சரக்கு அடுக்கிவைக்கக் கிட்டங்கி கட்ட வேண்டும். மற்றவர்கள் காலி செய்து போய்விட்டார்கள். பிரசவம் முடிந்ததும் போகிறேன் என்று நான் தவணை கேட்டிருந்தேன். சரி என்றார். எட்டாம் மாசத்திலேயே பிள்ளைகள் வந்துவிட்டன. ரெட்டை. ஆண் ஒன்று, பெண் ஒன்று. ரெண்டும் சேர்ந்தே ஒரு பிள்ளை கனம் இல்லை. ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லி அனுப்பியது ஒன்றுதான். இதுகளுக்குச் சொந்தச் சூடு கிடையாது. நீதான் சூடு குடுக்கணும். விட்டா போயிரும்.

அடைமழை. விறகு வாங்க வழியில்லை. முழு அறையும் சூடாகாது. மூலையில் பாயை நிறுத்தி, சாக்கைத் தொங்கவிட்டு, அறைக்குள் ஒரு சின்ன அறை செய்தேன். முதல் நாள், பிள்ளை பெற்ற வீட்டில் எல்லாரும் செய்கிற மாதிரி, சட்டியில் கரித்தணல் வைத்துக் கதவைச் சாத்தினேன். தலை கிறுகிறுத்தது. தணல் சட்டி உள்ளே போனதைப் பார்த்த எதிர்வீட்டுக் கதீஜாக்கா சந்தில் நின்று அலறினாள்.

"தணலத் தூக்கி வெளிய போடு புள்ள! கதவத் தொற! பொகை தெரியாட்டியும் அது ஆளக் கொல்லும்!"

அவள் உள்ளே வரவில்லை. அவள் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது. அதனால்தான் நானும் அங்கே போய் ஒண்ட முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து நெருப்பு அவளுடையது. அவள் புருஷன் இப்ராகிம் பாய் தோல் ஷாப்பில் வேலை. தோல் ஊறிச் சாறு போன ஆவாரம்பட்டைச் சக்கையை அங்கே கொட்டிவிடுவார்கள். பாய் அதைச் சாக்கில் அள்ளி வருவார். காய்ந்த சக்கை கொழுந்துவிட்டு எரியாது. உள்ளுக்குள் கனிந்துகொண்டே கிடக்கும். என் வாசலில், இறங்கின ஓட்டுக்கு அடியில், குழி வெட்டிச் சக்கையைப் போட்டு அதற்குள் செங்கல் புதைத்தாள். சுட்ட கல்லைச் சாக்கில் சுற்றி, அதன்மேல் பழைய வேட்டி சுற்றி, நான் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வைப்பேன். முதலில் என் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பேன். மறுபடி பார்ப்பேன். கல் ஆறுவதற்குள் அடுத்த கல். பிள்ளைகள் சிவந்து வந்தன. பால் சப்பின. பையன் கொட்டாவி விட்டான்.

பிரசவம்தான் முடிந்துவிட்டதே, காலி பண்ணு என்று முதலாளி சொல்லி அனுப்பினார். அப்புறம்தான் இந்த வியாழக்கிழமை.

தெருவில் பாண்டு வாத்தியம். யுத்த நிதி வசூல். முதலாளி கழுத்தில் மாலை. விரல் மோதிரத்தைக் கழற்றி உண்டியலில் போடுகிறார். கைதட்டுகிறார்கள். அவர் ஆட்கள் என் கூரைமேல் நிற்கிறார்கள்.

"நானும் பட்டாளத்தான் பொண்டாட்டிதான்யா! இங்க பாருங்கய்யா!"

டமாரம் பலமாக அடித்தது. ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். நனைகிறது என்று குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

குழியில் தண்ணீர் நிரம்பியது. நெருப்பு உஸ் என்று செத்தது. சூட்டில் இருந்த கல் ரெண்டு மழை பட்டு வெடித்தது. துப்பாக்கிச் சத்தம் நான் கேட்டதில்லை. இதைக் கேட்டேன்.

மத்தியானம் இப்ராகிம் பாய் கழிவென்று ஒதுக்கிய மாட்டுத்தோல்களைத் தலையில் சுமந்து வந்தார். ஏறி, வெறும் கட்டைகளின்மேல் வாசல் வரைக்கும் விரித்துக் கட்டினார். அறைக்குள் மழை நின்றது. நாற்றம் அடித்தது. இருக்கட்டும். சொட்டு விழவில்லை. கதீஜாக்கா கட்டிலுக்கடியில் வைத்திருந்த காய்ந்த சக்கையைக் கொட்டி மறுபடி மூட்டினாள். ஊறின குழியில் நெருப்பு பிடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது.

அப்போது என் புருஷன் ஊரான அகரத்திலிருந்து வண்டி வந்தது. என் புருஷனின் அக்கா. மதினி வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்தினாள்.

"ஏண்டி, மாட்டுத்தோலுக்கு அடியிலயா எங்க வீட்டு வாரிசு? குடுறீ அவன! பொட்டச்சி தேறாது, அத நீயே வச்சுக்க!"

"மழையில வண்டில போனா செத்துரும் மதினி! உள்ள வாங்க. நீங்களும் ஒண்ண நெஞ்சுல வச்சுக்கங்க. ரெண்டும் பொழைச்சுக்கும்."

"இந்தத் தீட்டுக்குள்ள நான் கால் வைக்கவா? தூ!"

வண்டி திரும்பியது. சக்கரச் சத்தம் சந்து முனை வரைக்கும் கேட்டது. எனக்கு நெஞ்சு ஒன்று. பிள்ளை ரெண்டு. ரெண்டையும் சேர்த்து வைத்தால் பாதி உடம்புதான் ஒட்டும். மாற்றி மாற்றி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் பெண் முண்டிப் பாலுக்கு அழுகிறது. பையன் அழவில்லை. காலைத் தொடுகிறேன். சில்லென்று இருக்கிறது. கல்லை வைக்கிறேன். கல்தான் ஆறுகிறது.

மழை கொன்றது என்றார் முதலாளி. மழை ஓடு பிரிக்காது. தோல்தான் கொன்றது என்கிறார்கள் அகரத்தில், இன்றைக்கும். அந்தத் தோலுக்கடியில்தான் என் மகள் பிழைத்தாள். தோல் கொல்லவில்லை. கொன்றவர்கள் நல்லா சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். கிட்டங்கி கட்டினார்கள்.

கார்த்திகையில் சண்டை நின்றது. மாசியில் அவர் வந்தார், கம்பு ஊன்றி. மலைப் பனிக்குக் கம்பளியும் பூட்ஸும் போதவில்லையாம்.

போனதை எழுதுகிறேன். கூரை ஓடு, ஒன்று விடாமல். மறுநாள் பெயர்த்துக்கொண்டு போன கதவு. செங்கல் ரெண்டு. நான் திரும்ப மிதிக்காத மதினி வீட்டு வாசல். அவர் இடது காலில் விரல் மூன்று. பிள்ளை ஒன்று. அவனுக்கு இன்னும் பேர் வைத்திருக்கவில்லை.